ஒரு இஞ்ச் பெரிய பெட்டி

ஜூட் தன் படகில் மீன் காட்டும் பெட்டி ஒன்றை வாங்கி மாட்டிய நாளிலிருந்து வெள்ளைச்சாமிக்குச் சோறு இறங்கவில்லை. வயிறு முழுக்க வேறு ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

"கையளவு டிவி. தண்ணிக்கடியில மீன் போறது அதுல புள்ளி புள்ளியாத் தெரியுதாம். தொரை அதைப் பாத்துக்கிட்டே, 'ஓ, கெண்டையா? வாங்க, வாங்க!'ன்னு வலை வீசுவாராம்!"

ஜூட்டைப் போலவே கழுத்தைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி நடித்துக் காட்டினார். மனைவி வீராயி சிரிப்பை அடக்கிக்கொண்டு குழம்பை ஊற்றினாள்.

"நேத்து நீங்க பிடிச்ச கட்லாதான். ஆறிடப் போவுது, சாப்பிடுங்க. வெள்ளத்துல ஒடஞ்ச படகை ஒட்டுப் போட்டப்புறம் காஞ்சு கெடந்த உங்க வலையிலயும் கொஞ்ச நாளா நல்லாத்தானே விழுது?"

"அது எப்படி விழுதுன்னு தெரியுமா?" வெள்ளைச்சாமி வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பெட்டி மீனைக் கண்டா 'குய்ங், குய்ங்'னு கத்தும். முக்கொம்பு பூரா கேக்கும். நான் நாணல் ஓரமாப் படகை ஒதுக்கிட்டுக் காதைத் தீட்டி வச்சுக்குவேன். அவன் ஒரே ஒரு வீச்சு வீசிட்டு அந்தாண்ட போயிடுவான். உடனே நான் போயி, சத்தம் வந்த எடத்துல பொத்துனு வலையைப் போட்டுடுவேன். மடையன், அவனுக்கு இன்னைவரைக்கும் தெரியாது!"

"வேலைதான் ஓசியிலயே நடக்குதே. அப்புறம் நமக்கு எதுக்குப் பெட்டி?"

"அது அவன் பெட்டி சொன்ன மீனுடி! என் தொண்டையில எப்படி எறங்கும்?"

"கட்லாவுல முள்ளுதான் இருக்கும்னு நெனச்சேன். பேரு வேற எழுதியிருக்கா?"

"நீ பேசாத. சாயங்காலம் கரையேறினதும் என் கூடையை எட்டிப் பாக்குறான். பாத்துட்டு, 'நல்லாப் பட்டிருக்கு போலண்ணே'ன்னு ஒரு இளிப்பு. அவன்கிட்ட பெட்டி இருக்காம், அதைச் சொல்லாமச் சொல்றான்!"

புது வலைக்கென்று சீட்டு எடுத்த பணம் வெள்ளைச்சாமியின் சட்டைப்பைக்குள் போனது. வீராயிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏங்க, இருக்கிற வலையில கண்ணைவிடப் பொத்தல்தான் அதிகம். கட்டிக் கட்டி என் விரலே தேஞ்சு போச்சு!"

"பெட்டி வரட்டும். மீனே வந்து வலையைப் பின்னிக் குடுக்கும்!"

ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவர், ஜூட்டின் முகம் எப்படிச் சுருங்கும் என்று ஜன்னல் கண்ணாடியைப் பார்த்துத் தானே சுருக்கிப் பார்த்துக்கொண்டார். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

காந்தி மார்க்கெட் பக்கத்தில் வலைக்கடை நடத்துகிறவர் ஜீனத்.

"வாங்கண்ணே. மீன் காட்டுற பெட்டியா? எத்தனை இஞ்ச் வேணும்?"

"எங்க மேலூர்லேர்ந்து ஜூட்னு ஒருத்தன் வந்து வாங்கினானே, அது எத்தனை?"

"ஜூட் அண்ணனா? அவருது அஞ்சு."

"அப்ப ஆறு குடும்மா."

"ஆறு இல்லண்ணே. அஞ்சை விட்டா ஏழுதான்."

வெள்ளைச்சாமி முகத்தில் பல்பு எரிந்தது. ஒன்று கேட்டால் இரண்டு கிடைக்கிறதே!

"எவ்வளவு ஆழம் வரைக்கும் தெரியணும்?"

"அவனுக்குத் தெரியிறதைவிட ஆழமா."

"அவரு பெட்டியிலேயே நம்ம ஆத்துத் தரை வரைக்கும் தெரியும்ணே. அதுக்குக் கீழ மண்ணுதான்."

"மண்ணும் தெரியட்டும்!"

ஜீனத் சிரித்துக்கொண்டே ஏழு இஞ்ச் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்து சுவிட்சைத் தட்டினார். நீல வெளிச்சத்தில் பொம்மை மீன்கள் வரிசையாக நீந்திப் போயின. பெட்டி வாயைத் திறக்கவில்லை.

"என்னம்மா, ஊமையா இருக்கு? ஜூட் பெட்டி 'குய்ங், குய்ங்'னு கத்துமே! இது அதைவிட ஓங்கிக் கத்தணும். கல்லணை வரைக்கும் கேக்கணும்!"

"சத்தமா?" ஜீனத் அவரை ஒரு மாதிரி பார்த்தார். "இதுல வர்றது கொசுச் சத்தம். அதையே அணைச்சுக் குடுங்கன்னுதான் எல்லாரும் கேப்பாங்க. மீன் இருக்கிற எடத்தை யாராச்சும் டமாரம் அடிச்சுச் சொல்லுவாங்களாண்ணே? ஜூட் அண்ணன் ஒருத்தர்தான், தள்ளுவண்டியில பழம் விக்கிறவங்க வச்சிருப்பாங்களே, அந்த ஸ்பீக்கரை வாங்கிட்டு வந்து இதோட சேத்து மாட்டச் சொன்னாரு."

"திமிரு! ஊருக்கே படம் காட்டணும்ல!"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். 'ஏண்ணே, சத்தம் கேட்டுப் பக்கத்துப் படகெல்லாம் வந்து அள்ளிட்டுப் போயிடுமே'ன்னு கேட்டேன்." ஜீனத் கழுத்தைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, அச்சு அசலாக ஜூட்டின் குரலிலேயே சொன்னார்:

"'ஒரே ஒருத்தர்தாங்க வருவாரு. வெள்ளத்துல படகு ஒடஞ்சதுலேர்ந்து அந்த அண்ணனுக்கு மீன் சரியாப் படலை. இங்க மீன் கெடக்கு, வாங்கன்னு கூப்பிட்டா மூஞ்சியைத் திருப்பிக்குவாரு. என்கிட்டேர்ந்து திருடுறோம்னு நெனச்சாத்தான் சந்தோஷமா வந்து அள்ளுவாரு'ன்னாருண்ணே."