வரி முடியும் இடம்

கோப்பு இல்லை என்றது சர்வர். கோப்பு எழிலரசன் கண்ணெதிரே இருந்தது.

மறுபடி ஓட்டினான். அதே பதில்.

கண்ணாடிக்கு அப்பால் பேக்கிங் லைன் செவ்வாய்க்கிழமை மாலையிலிருந்து நின்றுகிடந்தது. புது பேட்ச்சுக்கு லேபிள் புரோகிராமை உருவாக்கித் தரும் ஸ்கிரிப்ட் ஓடினால்தான் பெல்ட் நகரும். இன்று வியாழன்.

லைன் சூப்பர்வைசர் ரோஸ்லின் அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்று, பேனாவை அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டிருந்தாள்.

“இன்னா எழிலு, இன்னிக்காவது ஓடுமா? பொண்ணுங்க தொப்பியக் கழட்டிட்டு பேன் பாக்க ஆரம்பிச்சிட்டாளுங்க.”

ஸ்கிரிப்டை எழுதியவள் சரண்யா. லைன் நின்றதற்கு அவள்தான் காரணம் என்று நேற்று மேனேஜர் முடிவு செய்து அவளை வேலையைவிட்டு நீக்கிவிட்டார். இப்போது அவள் கேட்டில் நிற்கிறாள். செக்யூரிட்டி அவள் பையைத் துழாவிக்கொண்டிருக்கிறார். அடையாள அட்டை ஏற்கெனவே அவர் மேஜையில்.

எழிலரசன் மறைந்திருக்கும் குறிகளைத் திரையில் தெரியவைத்தான்.

ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஓர் உபரிக் குறி. நூற்றுப் பன்னிரண்டு வரிகளிலும்.

“வரி முடியற எடத்துல லினக்ஸ் ஒரு குறி போடும். விண்டோஸ் ரெண்டு போடும். யாரோ விண்டோஸ்ல தொறந்து சேவ் பண்ணியிருக்காங்க. சர்வர் அந்தக் குறியையும் ஃபைல் பேரோட சேத்துப் படிச்சிட்டு, அப்டி ஒண்ணு இல்லன்னுது.”

சொல்லிவிட்டுத்தான் யோசித்தான்.

“சரண்யா வச்சிருக்கறது?” என்றாள் ரோஸ்லின்.

“லினக்ஸ்.”

பேனாச் சத்தம் நின்றது.

குறிகளை நீக்க ஒரே ஒரு கட்டளை போதும். லைன் ஓடும். அந்தக் குறிகளைத் தவிர சரண்யாவுக்கு வேறு சாட்சி கிடையாது. சர்வரில் பழைய பிரதி தங்குவதில்லை.

“மேனேஜர கூப்புட்டு மொதல்ல இதக் காட்டுப்பா. அப்பறம் அழி.”

அவன் கட்டளையைத் தட்டச்சு செய்தான். கர்சர் மினுங்கிக்கொண்டிருந்தது. வெகுநேரம் மினுங்கியது.

என்டரை அழுத்தினான்.

பெல்ட் அசைந்தது. கண்ணாடிக்கு அப்பால் யாரோ ஒருத்தி விசிலடித்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ் பச்சையப்பன் வந்தார். கம்பெனியில் விண்டோஸ் ஓடும் ஒரே கம்ப்யூட்டர் அவருடையது. மேஜையில் ஒரு பென் டிரைவை வைத்தார்.

“பாஸ் சீட்டு இல்லன்னு செவ்வாக்கெழம காலைல உன் லேப்டாப்ப கேட்லயே வாங்கி வச்சிக்கினாங்களே, என் கம்ப்யூட்டர்ல உக்காந்து இன்னாத்தையோ திருத்துன. இத வுட்டுட்டுப் போயிட்ட பாரு.”

எழிலரசன் அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். திரையில் வரிகள் சுத்தமாக முடிந்திருந்தன.

ரோஸ்லின் வெளியே போனாள். லைன் ஓரத்துச் சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அடித்தாள்.

பெல்ட் நின்றது.