பிள்ளை என்ன சொன்னாள்

மகள் பிரின்சி செத்த நாளின் நினைவை லூர்தம்மாள் தலையிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லி ஆஸ்பத்திரியின் நர்ஸ் பயிற்சிக்குக் கொடுத்துவிட்டாள். கொடுத்தால் பாரம் குறையும் என்றார்கள். பாரம் குறையவில்லை, கண்ணுகளா. பிள்ளை கடைசியாக என்ன சொன்னாள் என்பதுதான் தலையை விட்டுப் போயிற்று.

அதைக் கேட்கத்தான் பயிற்சி வட்டத்தில் வந்து உட்கார்ந்திருந்தாள். அந்த நினைவை ஓட்டிக் காட்டும் தலைப்பட்டையை மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் லூர்தம்மாளாகவே இருந்து பிள்ளையைப் பறிகொடுத்த புது நர்ஸுகள், இப்போது பட்டையைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்கள்.

"என்ன கத்துக்கிட்டீங்க? ஒவ்வொருத்தரா சொல்லுங்க. சொன்னவங்களுக்கு வட்டத்துல எல்லாரும் கைதட்டணும்," என்றார் பயிற்சியாளர்.

"எனக்குள்ள இவ்வளவு பொறுமை இருக்குன்னு தெரிஞ்சுது சார்."

கைதட்டினார்கள்.

"நான் ரொம்ப ஸ்ட்ராங்குன்னு புரிஞ்சுது சார்."

அதற்கும் தட்டினார்கள்.

லூர்தம்மாள் எழுந்தாள். "தாயீ, எம்புள்ள கடைசியா ஏதோ சொல்லிச்சே, அது என்னம்மா?"



"ஏதோ சொல்லிச்சுக்கா," என்றாள் நர்ஸ் ஒருத்தி. "நான் அப்ப என் மனசு என்ன பாடுபடுதுன்னு கவனிச்சிட்டிருந்தேன். அதைத்தானே கவனிக்கச் சொன்னாங்க?"

"அருமை!" என்றார் பயிற்சியாளர். "இதைத்தான் எதிர்பார்த்தேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். வட்டத்தில் இருந்ததால் லூர்தம்மாளும் தட்டினாள்.