கக்கத்துச் சூடு

"கால் வெறைச்சா யாரு சூடேத்துவா? பேசாம வீட்ல இருங்க," என்றாள் மனைவி. வெள்ளையப்பன் பாதங்களில் சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு துப்பாக்கியை எடுத்தான். அவள் தம்பி இருளாண்டி செத்து நாற்பது நாளாகியிருந்தது.

காட்டுப்பன்றி வரும் பள்ளத்தில் விடிகிற நேரம் புல் நுனியெல்லாம் உறைபனி. அங்கே நெருப்பு மூட்டக் கூடாது, காலை உதறவும் கூடாது. அதனால் அவனும் இருளாண்டியும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவன் பாதங்களை மற்றவன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மேலே கம்பளியைப் போர்த்திக்கொள்வார்கள். கிழக்கை வெள்ளையப்பன் பார்ப்பான், மேற்கை இருளாண்டி. பன்றி யார் பக்கம் வருகிறதோ அவன் சுடுவான். மற்றவன் திரும்பக் கூடாது. திரும்பினால் சுடுகிறவனின் கால் ஆடி, குறி தப்பிவிடும். பதினெட்டு வருடமாக வெள்ளையப்பன் அங்கே மேற்கைப் பார்த்ததில்லை.

இன்றும் கிழக்கு நோக்கியே உட்கார்ந்தான். பாதங்கள் வலித்தன, மரத்தன, பிறகு இல்லாமலே போயின. முதுகுக்குப் பின்னால் மண்ணைக் கிளறும் சத்தம் கேட்டது. பன்றியின் மூச்சுகூடக் கேட்டது. திரும்பினால் போதும். அவன் திரும்பவில்லை.

"மாப்ளே, ஒம் பக்கம் வந்திருக்கு," என்று மெல்லச் சொன்னான்.

வெடிச்சத்தத்துக்காகக் காத்திருந்தான். பன்றி வேண்டியமட்டும் தோண்டித் தின்றுவிட்டுப் போனது. வெயில் ஏறியது. எழலாம் என்று கையை ஊன்றப்போனபோது இரண்டு கக்கத்திலும் விறைத்த பாதம் வைத்ததுபோலச் சில்லென்று பட்டது.

அவன் கைகளை விலாவோடு இறுக்கிக்கொண்டான்.