முடியாது சாரின் கையெழுத்து

“இன்னொரு தடவை காட்டுங்க. இந்தத் தடவை நசுக்கப் போறது நான்” என்றார் பெரிய டாக்டர்.

ஆராய்ச்சிக்காரி மறுபேச்சில்லாமல் அந்தச் சின்னஞ்சிறு குழாயை நீட்டினாள். விளக்கெண்ணெயிலிருந்து எட்டு வருடம் பாடுபட்டு அவள் உருவாக்கியது. நூல் மாதிரி நசுக்கினால் அப்படியே கிடக்கும். உடம்புச் சூடு பட்டதும் பழையபடி விரிந்து, அடைத்துக்கொண்ட ரத்தக் குழாயைத் திறந்து தாங்கிக்கொள்ளும். இன்று இந்தக் கையெழுத்து விழுந்தால்தான் அது முதன்முதலாக ஒரு மனித இதயத்துக்குள் போகும்.

கையெழுத்துப் போட வேண்டியவர் லேசுப்பட்டவர் அல்ல. ஒப்புதல் குழுவின் தலைவராக உட்கார்ந்து மூன்று முறை அவள் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியவர். அவளுக்கு ‘விளக்கெண்ணெய் அம்மா’ என்று பட்டம் கட்டியதும் அவரேதான். அவளுடைய ஆய்வுக்கூடத்தில் மட்டும் சும்மா விடுவார்களா? அவருக்கு ‘முடியாது சார்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

முடியாது சார் குழாயை இடுக்கியால் முறுக்கினார், நசுக்கினார். அதுவும் போதாமல் கீழே போட்டுச் செருப்புக் காலால் ஒரு மிதி மிதித்தார்.

“எங்க காலத்துல விளக்கெண்ணெய்னா வயித்தைக் கழுவத்தாம்மா குடுப்போம்.”

“இப்ப அதுக்கு ரத்தக் குழாய் வரைக்கும் பிரமோஷன் கிடைச்சிருக்கு, சார்.”

சிரிப்பு வந்தும் அவர் காட்டிக்கொள்ளவில்லை. வெந்நீர் டம்ளரில் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தார். முப்பத்தேழு டிகிரி. நசுங்கியதை எடுத்து உள்ளே போட்டார்.

கசங்கிக் கிடந்தது லேசாக நெளிந்தது. முறுக்கு அவிழ்ந்தது. பிறகு ஒரு சுருக்கம்கூட இல்லாமல் வட்டமாக வாயைத் திறந்துகொண்டு நின்றது.

“உள்ள போய் விரியலைன்னா?”

“வெளிய எடுத்துடலாம், சார். ஆனா ஆயிரம் தடவை பார்த்துட்டேன். ஒரு தடவைகூட ஏமாத்தல.”

அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூணு தடவை முடியாதுன்னேனே, என் மேல கோபம் இல்லையா?”

“நிறைய இருந்துச்சு. அந்தக் கோபத்துலதான் சார் இவ்வளவு தூரம் வந்தேன்!”

இப்போது அவர் வாய்விட்டே சிரித்தார். பேனாவைத் திறந்தார். “முடியும்மா” என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

ஜெயித்துவிட்டோம் என்று வராந்தா அதிரக் கத்த வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள்.

‘குழுத் தலைவர்’ என்ற இடத்தில், அவர் ஓய்வு பெற்றபின் பதவிக்கு வந்தவர் போன வாரமே கையெழுத்துப் போட்டிருந்தார். முடியாது சாரின் கையெழுத்து அதற்குக் கீழே, ‘நோயாளி’ என்ற இடத்தில் இருந்தது.