மாதா இல்லாத சப்பரம்

புனித வாரத்தில் மாதாவைச் சுமந்து ஸ்பெயினின் செவீயா நகர வீதிகளைச் சுற்றும் ஆட்களையே நுரியா என்ற கலைஞர் தன் கண்காட்சிக்கு அழைத்திருந்தார். மாதா இல்லாத வெறும் சப்பரம்தான் அவருடைய படைப்பு. சுற்றிலும் திரை தொங்கியதால், உள்ளே குனிந்து பிடரியில் பாரம் தாங்குகிறவர்களின் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. முன்பலகையில் சுத்தியலால் தட்டினால் தூக்குவார்கள். மறுபடி தட்டினால்தான் இறக்குவார்கள். நுரியா தட்டினார். சப்பரம் எழுந்தது. பிறகு யாரோ கூப்பிட, பேட்டி கொடுக்கப் போய்விட்டார்.

"இறக்கிடலாமா? மேலதான் யாருமே இல்லையே," என்றான் உள்ளே சுமந்து நின்ற ராமிரோ.

"தட்டாம எப்படிடா இறக்குறது?" என்றார் பக்கத்தில் நின்ற எவுசேபியோ. பிடரியில் பாரத்தைச் சரிசெய்துகொண்டு, "மாதா இருந்தா இவ்வளவு கனக்காது," என்றார்.

வெகுநேரம் கழித்து நுரியா திரும்பி வந்து சுத்தியலைக் கையில் எடுத்தார். அப்போதுதான் திரைக்குக் கீழே நடுங்கிக்கொண்டிருந்த கால்களைக் கவனித்தார். அப்படியே முழங்காலிட்டு, சுத்தியலைத் தரையில் வைத்துவிட்டுக் கேமராவைத் திறந்தார்.

சுத்தியல் தரையில் பட்ட சத்தம் கேட்டு, சப்பரத்தை இறக்க ராமிரோ முழங்காலை மடக்கப் போனான்.

"இருடா," என்றார் எவுசேபியோ. "அது பலகைச் சத்தம் இல்ல."