பங்கு பிரித்த கூறை

"எத்தினை வீதம் முடிஞ்சுது, சுவர்ணா?"

கனடாவிலிருந்து அண்ணன் கோபிசங்கர் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஆறரைக்கு வீடியோ அழைப்பு வரும். வந்ததும் முதலில் இந்தக் கேள்விதான் வரும். அவர் வேலை செய்யும் இடத்தில் எதையும் நூற்றுக்கு இத்தனை வீதம் என்றுதான் கேட்பார்களாம்.

"உங்கடை போர்வை முடிஞ்ச மாதிரித்தான் அண்ணை. நிவேதனாவின்ரைக்கு இன்னும் விளிம்பு மடிச்சுத் தைக்கவேணும்" என்றாள் சுவர்ணா. சண்டிலிப்பாய் வீட்டு விறாந்தையில் பாயை விரித்து, பால்மா டின்னில் போனைச் சாய்த்து வைத்திருந்தாள். அவள் புருஷன் தோட்டத்துக்குத் தண்ணீர் விடப் போயிருந்தார்.

போன வருஷம் செத்துப்போன அம்மாவின் சேலைகளைச் சதுரம் சதுரமாக வெட்டி இணைத்து, உள்ளே பழைய விரிப்பு வைத்து, கையால் நூலோடிய போர்வைகள். அண்ணனுக்கு ஒன்று, பாரிஸில் இருக்கும் தங்கை நிவேதனாவுக்கு ஒன்று. ஆண்டுத் திவசத்துக்கு இன்னும் மூன்று கிழமைதான். அதற்குள் முடிய வேண்டும்.

செத்தவீட்டுக்கு இரண்டு பேராலும் வந்துசேர முடியவில்லை. போனில் பார்த்துத்தான் அழுதார்கள். மாலைகளும் சொந்தக்காரர் போட்ட கோடிச் சேலைகளும் மூடிக் கிடந்ததில் அம்மாவின் முகம் மட்டும்தான் அவர்களுக்குத் தெரிந்தது.

போர்வைப் பேச்சு எழுந்த அன்றைக்கு, "கடைசியா அம்மாவைத் தொட்டுக்கூடப் பாக்கேல்லை அக்கா. அவவின்ரை கலியாணக் கூறைச் சேலையிலை ஒரு துண்டெண்டாலும் எனக்கு வையுங்கோ" என்று நிவேதனா விம்மினாள். சுவர்ணா "ஓம்" என்றாள்.

அந்த ஓம் அதோடு நிற்கவில்லை. "மூத்த பிள்ளைக்கு இல்லாத கூறையோ?" என்று அண்ணன் கிளம்பினார். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். அண்ணன் தங்கைக்குக் கேட்கவா வேண்டும்? அவள் வந்தால் நான் வரமாட்டேன், அவர் வந்தால் நான் வரமாட்டேன் என்கிற அளவுக்குப் போய்விட்டது.

சண்டை எதற்கு என்று யாரும் சொல்லாவிட்டாலும், அப்பா பொன்னம்பலம் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். திவசத்துக்கு மூன்று பிள்ளைகளும் ஒன்றாக நிற்கவேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. "ரெண்டு பேருக்கும் சரிபாதி வைக்கிறன், வாங்கோ" என்று சுவர்ணா பொறுப்பெடுத்தாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒரே அழைப்பில் வந்தார்கள். ஆனால் அவளோடு மட்டும்தான் கதைத்தார்கள்.

"கூறையை ஒருக்காக் கிட்டக் காட்டு" என்றார் கோபிசங்கர். காட்டினாள். அவர் விரல் விட்டு எண்ணினார். "எனக்கு அஞ்சு துண்டு. அவவுக்கு?"

"அவளுக்கும் அஞ்சுதான் அண்ணை."

"அக்கா, அவருக்கு அஞ்சிலையும் சரிகை இருக்கு. எனக்கு நாலிலைதான்" என்றது பாரிஸ்.

"அதுக்கென்ன, சரிகையோடை இன்னொண்டு வெட்டி மாத்திவிடுறன்."

"மிச்சம் இருக்கே?"

"இருக்கு."

முதல் தரம் சுவர்ணா கூறையை இரண்டு முறை மடித்து வைத்துவிட்டுத்தான் கத்தரிக்கோலை எடுத்தாள். பிறகு பழகிவிட்டது. துணி கிழியும் சத்தம் எல்லாச் சேலைக்கும் ஒன்றுதான்.

"நிறத்தைப் பாரன்!" கோபிசங்கர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். "அம்பது வருசத்துச் சேலை, ஒரு துளி மங்கேல்லை. அந்தக் காலத்துப் பட்டெண்டால் பட்டுத்தான்."

"ஓம் அண்ணை."

"உந்த மாங்காய்க் கரை எனக்கு நல்ல ஞாபகம். அம்மாவின்ரை கலியாணப் படத்திலை வடிவாத் தெரியும்."

அந்தப் படம் கறுப்பு வெள்ளை. அதுவும் நெஞ்சுக்கு மேலேதான் எடுத்தது. சுவர்ணா ஊசியில் நூலைக் கோத்தாள்.

"எனக்கு அம்மாவின்ரை வாசமே வாற மாதிரிக் கிடக்கு" என்று நிவேதனா கண்ணைத் துடைத்தாள்.

"பாரிஸ் வரைக்கும் வருதோ?" என்று அண்ணன் கேட்டுவிட்டார். நான்கு மாதத்துக்குப் பிறகு தங்கையைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி அது. அவள் அழுகையோடு சிரித்தாள். அவரும் சிரித்தார்.

"நீ எத்தினையாம் திகதி வந்து இறங்கிறாய்?"

"பன்னெண்டு எண்டு யோசிக்கிறன். நீங்கள், அண்ணை?"

"நானும் பன்னெண்டுக்குப் போடுறன். கொழும்பிலையிருந்து ஒரே வாகனத்திலை போவம். பொறு, இப்பவே ரிக்கெட்டைப் பாப்பம்."

சுவர்ணாவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. எத்தனை மாதத்துப் பாரம்.

இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து கதைக்கும் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து பொன்னம்பலம் வந்தார். மனைவியின் சேலைகளை வெட்டுவதைப் பார்க்க மனமில்லாமல் இத்தனை நாளும் இந்தப் பக்கம் வராதவர். பாயில் மெல்லக் குந்தி, போர்வையைத் தடவிக்கொண்டு போன கை சிவப்புக் கூறைத் துண்டில் நின்றது. கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"பிள்ளை, புருசன் உயிரோடை இருக்கப் போனவள் கூறையோடைதான் போகவேணும் எண்டு நான்தானே கொம்மாவுக்கு உடுத்துவிக்கச் சொன்னனான்? அது அவவோடை எரிஞ்சு போச்சு. உது உன்ரை கூறையெல்லே?"

"மெல்லக் கதையுங்கோ அப்பா" என்றாள் சுவர்ணா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவை ரிக்கெட் போடுகினம்."