நாலு விரல் குறை

ஏழு வருஷம் கழித்து ஜெர்பா தீவில் நல்ல மழை பிடித்துக்கொண்டது. மொட்டை மாடியில் துடைப்பத்தோடு நின்ற மஹ்பூபா, குழாய் அடைப்பைப் பிடுங்கி, தண்ணீரை முற்றத்துக்கு அடியிலிருக்கும் தொட்டிக்குத் திருப்பினாள்.

கீழேயிருந்து அண்ணன் ஸாஸி கத்தினான். "முதல் மழை மாடி அழுக்கைக் கழுவட்டும். நாளைக்குத் திருப்பு. ஊரே அப்படித்தானே செய்யுது?"

"நேத்தே தேய்ச்சுக் கழுவிட்டேன். ஒரு சொட்டு வீணாகக் கூடாது."

"நாப்பத்தஞ்சு வயசுல காய்ச்சல்ல படுக்கப்போற. ஒத்தை எலுமிச்சை மரத்துக்கு எவ்வளவு தண்ணிதான் வேணும் உனக்கு?"

மூன்றாம் நாள் மழை விட்டது. ஸாஸி தொட்டியின் வாயில் கையை விட்டுப் பார்த்தான்.

"கழுத்து வரைக்கும் வந்துடுச்சு. விளிம்புக்கு நாலு விரல்தான் குறை."

மஹ்பூபா சமையலறைக்குப் போனாள். லாரியில் வாங்கி வைத்திருந்த குடிதண்ணீரைக் குடத்தோடு தூக்கி வந்து தொட்டியில் கவிழ்த்தாள்.

"உனக்கென்ன புத்தி பேதலிச்சுப்போச்சா?"

இரண்டாவது குடம். மூன்றாவது குடத்தில் தண்ணீர் விளிம்பைத் தாண்டி முற்றத்தில் ஓடியது.

"அண்ணே, மீன்கடை பர்ஜானியைக் கூட்டிட்டு வா."

"அவன் உன்னைப் பொண்ணு கேட்டு வந்தப்போ நீதானே விரட்டினே?"

"விரட்டல. இந்தத் தொட்டி நிரம்பி வழியட்டும், கட்டிக்கிறேன்னேன். தட்டிக்கழிக்கத்தான் சொன்னேன். அந்த மனுஷன் நம்பி, ஏழு வருஷமா வானத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்காரு."

தலைத்துணியைப் பிழிந்து உதறினாள்.

"நாலு விரலுக்காக இன்னொரு மழை வரைக்கும் என்னால உக்காந்திருக்க முடியாது."